கடற்கரையில் நாய்களுக்கு எல்லை எதற்கு? விதிகளின் பின்னால் உள்ள காரணங்கள்

ஒரு கடற்கரையில் நாய்களுக்குக் கட்டுப்பாடு அறிவிக்கப்படும்போதெல்லாம் ஒரே மாதிரியான குழப்பம் எழுகிறது. வடக்குப் பக்கம் அவிழ்த்து விடலாம், தெற்குப் பக்கம் கயிற்றோடுகூட வரக் கூடாது என்பது ஏன்? காலை 8 மணிக்கு முன்பு அனுமதிக்கப்படும் அதே நாய் 11 மணிக்கு எப்படித் தொல்லையாகிவிடுகிறது? அலை நனைத்த மணலில் நடக்கலாம், மேட்டு மணலில் ஏறக் கூடாது என்று எழுதிவைப்பதற்கு என்ன பொருள்? நாய் வளர்ப்போர் இவற்றை நாய் வெறுப்பாகப் பார்க்கிறார்கள். சிறு குழந்தைகளோடு வருவோர் இவை போதவே போதாது என்கிறார்கள். கோபத்தில் இரு தரப்பும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இந்த விதிகளில் பெரும்பாலானவை கடலின் இயல்பு, நாயின் இயல்பு, ஒட்டுண்ணிகளின் வாழ்க்கைச் சுழற்சி ஆகிய மூன்றிலிருந்து பிறந்தவை. அந்தக் காரணங்கள் புரிந்துவிட்டால், எந்த விதி உண்மையிலேயே தேவை, எது பெயருக்கு இருக்கிறது என்பதை வாசகரே எடைபோட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். ஒரு நாய் நல்ல நாயா, பொல்லாத நாயா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது. அந்த நாய் அடுத்த ஐந்து நொடிகளில் என்ன செய்யும் என்பது அதை வளர்ப்பவருக்கு ஓரளவு தெரியும். எதிரே நிற்கும் எவருக்கும் தெரியாது. தெரியாதவருக்குத் தெளிவைக் கொடுக்கக்கூடியவர் கயிற்றைப் பிடித்திருப்பவர் மட்டுமே. ஆகவே முதல் பொறுப்பும் அவருடையதே என்ற நிலையிலிருந்துதான் மற்ற எல்லா விதிகளும் கிளைக்கின்றன.

பலகையில் எழுதியிருப்பதன் பொருள்

நாடுகள்தோறும் சொற்கள் மாறினாலும், கடற்கரை விதிகள் பொதுவாக ஐந்து வகைக்குள் அடங்கும்.

1. முழுத் தடை: ஆண்டு முழுவதும் நாய்களுக்கு அனுமதி இல்லை. பறவைகளோ ஆமைகளோ முட்டையிடும் கரைகளிலும், நெரிசல் மிகுந்த நீராடும் பகுதிகளிலும் இது வழக்கம்.

2. பருவத் தடை: மக்கள் அதிகம் வரும் மாதங்களில் மட்டும் தடை. பிரிட்டனின் பல கடற்கரைகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நாய்கள் வரக் கூடாது. குளிர்காலத்தில் அதே மணலில் அவை தாராளமாக ஓடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சி மன்றங்கள் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தரும் அதிகாரத்தைக் கொண்டு இத்தகைய ஆணைகளைப் பிறப்பிக்கின்றன. மீறினால் அபராதம் உண்டு.

3. நேர வரம்பு: அதிகாலையிலும் மாலைக்குப் பிறகும் அனுமதி, நடுப்பகலில் தடை.

4. கயிறு கட்டாயம்: நாய் வரலாம், ஆனால் குறிப்பிட்ட நீளத்துக்கு மேற்படாத கயிற்றில் இருக்க வேண்டும்.

5. கட்டவிழ் பகுதி: நாயை அவிழ்த்து விடுவதற்கென்றே ஒதுக்கிய மணல். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், ஓஷன் பீச் கரையின் வடமுனையில் 1972 முதல் இருந்துவரும் பகுதி அந்நாட்டில் இவ்வகையில் மிக முந்தியவற்றுள் ஒன்று.

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களுக்கும் பிற உதவி நாய்களுக்கும் பெரும்பாலான இடங்களில் தடையிலிருந்து விலக்கு உண்டு. தடை செய்யப்பட்ட பகுதியில் ஒரு நாயைக் கண்டவுடன் அதன் அருகிலிருப்பவரிடம் சத்தம் போடுவதற்கு முன், அது பணியில் இருக்கும் நாயா என்று பார்ப்பது முறை. உடலில் தெரியாத குறைபாடுகளும் இருக்கின்றன.

கட்டுப்பாடுகள் திடீரென்று கடுமையாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1985-இல் பிரான்சில் தொடங்கி, 1987-இல் ஐரோப்பிய அளவில் விரிந்து, இன்று பல நாடுகளில் வழங்கப்படும் ‘நீலக் கொடி’ தரச் சான்றின் நிபந்தனைகளில், நாய்கள் உள்ளிட்ட வளர்ப்பு விலங்குகளின் நடமாட்டம் கடற்கரையில் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்பதும் ஒன்று. அச்சான்றைப் பெற விரும்பும் நகராட்சி, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டிருந்த விதியைத் தூசி தட்டி எடுப்பதில் வியப்பில்லை.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் தொடர் ‘கட்டுப்பாட்டில் உள்ள நாய்’ என்பதாகும். கயிறு இல்லாவிட்டாலும் நாய் கட்டுப்பாட்டில் இருக்கலாம் என்று பல விதிகள் ஒத்துக்கொள்கின்றன. அதற்கு மூன்று சோதனைகளை வைத்துக்கொள்ளலாம்: நாய் எந்நேரமும் உரிமையாளரின் கண்ணில் பட வேண்டும், ஒரே அழைப்பில், எதிரே பந்து உருண்டாலும் பறவை எழுந்தாலும், திரும்பி வர வேண்டும், அழைக்காத எவரிடமும் அது நெருங்கக் கூடாது. மூன்றாவது சோதனையில்தான் பல நல்ல நாய்கள் தோற்கின்றன. வாலை ஆட்டிக்கொண்டு அன்போடு ஓடிவருவதும் நெருங்குவதுதான்.

ஓதம்: ஒருவரும் பேசாத முதல் காரணம்

பூங்காவுக்கு நான்கு எல்லைகள் உண்டு. அவை காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில் இருக்கும். கடற்கரைக்கு அப்படியில்லை. பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. இந்த ஏற்ற இறக்கமே ஓதம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 7 மணிக்கு உச்சத்தைத் தொடும் நீர், நாளை ஏறத்தாழ 7.50-க்கும் மறுநாள் 8.40-க்கும் தொடும்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கில் காணலாம். மணல் 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் இறங்குவதாகவும், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 2 மீட்டர் மாறுவதாகவும் கொள்வோம். அப்படியானால் நீரின் விளிம்பு 40 மீட்டர் முன்னும் பின்னும் நகரும். வற்றத்தின்போது 60 மீட்டர் அகலமாக இருந்த மணல், ஏற்றத்தின்போது 20 மீட்டராகச் சுருங்கிவிடும். குடை விரித்திருப்போர், குழி தோண்டும் குழந்தைகள், பந்துக்கு ஓடும் நாய்கள், நடைப்பயிற்சி செய்வோர் எல்லோரும் அந்த 20 மீட்டருக்குள் ஒதுங்க வேண்டும். எவரும் எந்தத் தவறும் செய்யாமலேயே, காலையில் போதிய இடைவெளியோடு இருந்தவர்கள் முற்பகலில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளும் நிலை வந்துவிடுகிறது. சண்டைகள் அந்த நேரத்தில்தான் வெடிக்கின்றன. பழி மட்டும் ஏதாவது ஒரு நாயின்மேல் விழுகிறது.

கடிகாரத்தை மட்டும் நம்பி வகுக்கும் நேர வரம்பு பாதி நாள்களில் பயனற்றுப்போவதற்கும் இதுவே காரணம். காலை 8 மணிக்கு முன் அனுமதி என்ற விதி, வற்றமான நாளில் எல்லோருக்கும் இடம் தரும்; ஏற்றமான நாளில் நாய்க்காரர்களையும் அதிகாலை நடையாளர்களையும் ஒரே ஒற்றையடிப் பாதையில் தள்ளும். ஓதத்தின் போக்கில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் கரைகளில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிவரும் பெரிய ஏற்றங்கள் அந்தந்தக் கரைக்கு ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். அதாவது எந்தப் பொழுதில் மணல் மிகக் குறுகும் என்பதை முன்கூட்டியே ஆண்டு முழுவதற்கும் சொல்லிவிடலாம். விதி வகுப்போர் ஓத அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் குறித்தால் பாதிப் புகார்கள் எழவே வாய்ப்பில்லை என்பது என் உறுதியான கருத்து.

அலைச் சத்தத்தையும் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தெருவில் 50 மீட்டர் தொலைவிலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் நாய்க்கு, கடலோரத்தில், அதுவும் எதிர்க்காற்றில், அந்தக் குரல் எட்டாமலே போகலாம். வீட்டிலும் பூங்காவிலும் சொல்பேச்சுக் கேட்கிறது என்பது கடற்கரைக்குச் சான்றாகாது. அங்கே தனியாகப் பழக்க வேண்டும். 10 மீட்டர் நீளமுள்ள பயிற்சிக் கயிற்றை மாட்டி, ஆள் இல்லாத நேரத்தில், குரலோடு கையசைவையும் விசிலையும் சேர்த்துப் பழக்குவது நல்ல வழி.

“ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்”

ஈர மணலில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று குந்தி உட்கார்ந்து, வாளியைக் கவிழ்த்து, அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அந்நிலையில் அதன் கண்கள் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில்கூட இருக்காது. வளர்ந்த ஆண் லாப்ரடார் நாயின் தோள் உயரம் 56 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பெரியவர் ஒருவர் கீழே குனிந்து பார்க்கும் செல்லப் பிராணி, அந்தக் குழந்தைக்குத் தன் முகத்துக்கு நேராக, தன்னைவிட எடை மிகுந்ததாக, வாயைத் திறந்துகொண்டு வரும் ஒரு விலங்கு. வேகத்தையும் பார்க்க வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவரும் நாய் 25 மீட்டரை 3 நொடியில் கடந்துவிடும். தந்தை எழுந்து நிற்பதற்குள், தாய் கையை நீட்டுவதற்குள், நாய் வந்துவிட்டது, வாளி சரிந்துவிட்டது, குழந்தை வீறிட்டுவிட்டது. அதன் பிறகு 40 மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் “ஒன்றும் செய்யாது, சும்மா விளையாடும்” என்ற குரலால் எந்தப் பயனும் இல்லை.

அந்தக் குரலில் பொய் இல்லை. உரிமையாளர் நம்புவதைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வது தன் நாயின் கடந்தகாலம். எதிரே இருப்பவர் கேட்பது அடுத்த கணத்தைப் பற்றி. இந்த இடைவெளியைச் சொல்லால் நிரப்ப முடியாது, கயிற்றால் மட்டுமே முடியும்.

கடியைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். சிறு குழந்தைகளுக்கு நேரும் நாய்க்கடிகளில் பெரும்பங்கு, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நாய்களால், பெரும்பாலும் வீட்டுச் சூழலில் நேர்கிறது. கடற்கரையில் வரும் அந்நிய நாய் கடித்துவிடும் என்பதைவிட, முட்டித் தள்ளும், மேலே தாவும், கையிலிருக்கும் தின்பண்டத்தைப் பறிக்கும் என்பதற்கே வாய்ப்பு மிகுதி. அதனால் அச்சம் பொருளற்றது என்று ஆகிவிடாது. சிறு குழந்தையைக் கடிக்கும்போது, உயரம் காரணமாக, காயம் முகத்திலும் தலையிலும் கழுத்திலும் படுவதே அதிகம். கடியே இல்லாவிட்டாலும், மூன்று வயதில் ஒரு நாய் தள்ளிவிட்ட அதிர்ச்சி பல ஆண்டுகள் தங்கிவிடக்கூடும். நாய் அச்சத்தால் கடற்கரைக்கே வராமல் ஒதுங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புகார்கூட எழுதுவதில்லை, வராமல் இருந்துவிடுகிறார்கள்.

நாயின் பக்கமும் நியாயம் உண்டு. பறக்கும் பட்டம், காற்றில் படபடக்கும் குடை, கிறீச்சிட்டு ஓடும் குழந்தைகள், எங்கு திரும்பினாலும் உணவு வாசனை. இவ்வளவையும் ஒரே நேரத்தில் சமாளிப்பது அதற்கு எளிதன்று. ஓடுவதைத் துரத்துவது பல நாய்களுக்கு இயல்பூக்கம். வாலாட்டம் எப்போதும் நட்பின் அடையாளம் என்று எண்ணுவதும் தவறு. நாய்கள் தம் உரிமையாளரைக் கண்டபோது வாலை வலப்பக்கம் மிகுதியாகவும், அறிமுகமற்ற ஆதிக்க நாயைக் கண்டபோது இடப்பக்கம் மிகுதியாகவும் ஆட்டுவதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் பதிவுசெய்தார்கள். போகிற போக்கில் அந்தச் சாய்வைக் கண்டுபிடிப்பது கடினம். கீழ்க்காணும் அறிகுறிகளைப் பெரியவர்களும், ஓரளவு வளர்ந்த குழந்தைகளும் எளிதில் அடையாளம் காணலாம்.

1. உடல் அப்படியே உறைந்துபோதல். அசைந்துகொண்டிருந்த நாய் திடீரென்று கல்லாக நின்றால் அதுவே மிக அவசரமான எச்சரிக்கை.
2. தலையைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்த்தல்.
3. உணவு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குதல், தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுதல்.
4. காதைப் பின்னுக்கு மடித்து, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொள்ளுதல்.
5. உறுமல். உறுமும் நாயை அடிக்கக் கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதைத் தண்டித்து அடக்கிவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி வரக்கூடும்.

கடற்கரைக்கே உரிய ஒரு பொறி பந்து. குழந்தையின் பந்தும் நாயின் பந்தும் ஒரே மணலில் உருளும்போது, கீழே கிடப்பதைக் குழந்தை எடுக்கக் குனிவது இயல்பு. தன் பொருளைக் காக்கும் பழக்கமுள்ள நாய்க்கு அந்தக் குனிவே அச்சுறுத்தல். மற்ற நேரங்களில் சாதுவாக இருக்கும் நாய்கள் இந்த ஒரு சூழலில் சீறுவதால், குழந்தைகள் அருகில் இருக்கும்போது பந்தெறியும் விளையாட்டை நிறுத்திவிடுவதே பாதுகாப்பு.

மலம்: ‘கடல் அடித்துக்கொண்டு போய்விடும்’ என்பது ஏன் தவறு

நாய் மலத்தை அள்ளுவதை நாகரிகம் சார்ந்த விஷயமாக மட்டும் பேசுகிறோம். இதில் நாகரிகத்தைவிட உயிரியலுக்கே பங்கு அதிகம்.

கவனிக்க வேண்டிய ஒட்டுண்ணிகள் இரண்டு. முதலாவது, நாய்களின் குடலில் வாழும் டாக்ஸோகாரா என்ற உருளைப்புழு. புதிய மலத்தில் உள்ள இதன் முட்டைகள் உடனே தொற்றாது. முட்டைக்குள் புழு வளர்ந்து தொற்றும் நிலையை அடையப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதன் பின் அவை மண்ணில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். மணல் அளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தைதான் இதற்கு இலக்கு. புழு உடலுக்குள் அலைந்து அரிதாகக் கண்ணைக்கூடப் பாதிக்கும். மலம் விழுந்த அன்றே அள்ளிவிட்டால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது. அள்ளாமல் விட்டால், மலம் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. ‘இப்போதுதான் எதுவும் இல்லையே’ என்ற நிம்மதி பொய்யானது.

இரண்டாவது, கொக்கிப்புழு. இதன் முட்டைகள் ஈரமும் நிழலும் வெதுவெதுப்பும் உள்ள மணலில் ஓரிரு நாளில் பொரிந்து, 5 முதல் 10 நாள்களில் தோலைத் துளைக்கும் இளம்புழுக்களாகிவிடுகின்றன. ஏற்ற சூழலில் மூன்று, நான்கு வாரங்கள் உயிரோடிருக்கும். வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்திலோ, மணலில் நேரடியாக உட்கார்ந்தவரின் தொடையிலோ புகுந்து, தோலுக்கடியில் நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் வரை ஊர்ந்து செல்லும். புழு போன பாதையெல்லாம் நெளிநெளியான சிவந்த கோடாகத் தடித்து, தூக்கம் கெடும் அளவுக்கு அரிக்கும். ஐவர்மெக்டின், அல்பெண்டசோல் போன்ற மருந்துகளை மருத்துவர் பரிந்துரைத்தால் குணமாகும்.

‘மேட்டு மணலுக்கு நாய்களை ஏற்றாதீர்கள்’ என்ற விதியின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. அலை தினமும் கழுவிச்செல்லும் மணலில் இளம்புழு நிலைப்பது கடினம். ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையான உயர் ஓதக் கோட்டுக்கு மேலே, செடி நிழலிலும் படகு நிழலிலும் உள்ள மணலே அதற்கு உகந்த இடம். குழந்தைகளை உட்காரவைக்க நாம் நிழல் தேடிப்போகும் இடமும் அதுதான்.

மணலைத் தள்ளி மலத்தை மூடிவிடுவது எல்லாவற்றிலும் மோசமான பழக்கம். வெயிலிலிருந்து காத்து, ஈரத்தையும் கொடுத்து, அடுத்துத் தோண்டவரும் குழந்தையின் கைக்குத் தயாராக்கி வைப்பதற்கு அது சமம். கடலுக்கே விட்டுவிடலாம் என்பதும் சரியாகாது. நீராடும் கடல்நீரின் தரத்தை, மலத்திலிருந்து வரும் நுண்ணுயிரிகளின் எண்ணிக்கையை வைத்தே அளக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிப்படி, 100 மில்லிலிட்டர் கடல்நீரில் குடல் என்டெரோகாக்கஸ் 100-க்கும், ஈ.கோலை 250-க்கும் மிகாமல் இருந்தால்தான் ‘மிகச் சிறப்பு’ என்ற தரம் கிடைக்கும். பொதுவாக நான்கு நீராடும் பருவங்களில் எடுக்கும் மாதிரிகளைக் கொண்டு இதைக் கணிக்கிறார்கள். ஒரு நாயின் ஒரு வேளைக் கழிவில் இத்தகைய நுண்ணுயிரிகள் கோடிக்கணக்கில் இருக்கும்.

பழி முழுவதையும் வளர்ப்பு நாய்கள்மேல் போடுவது நேர்மையாகாது. கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், பறவைகள் எல்லாமே நீரைக் கெடுக்கின்றன. வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரைகளில் கடற்காக்கைகளின் எச்சத்தால் ஈ.கோலை மிகுந்தபோது, பயிற்சி பெற்ற பார்டர் கோலி நாய்களைக் கொண்டு அப்பறவைகளை விரட்டினார்கள். நீரின் தரம் மேம்பட்டது. கையாள்பவர் கூடவே இருந்து, சொன்னதைக் கேட்கும் நாயாக இருந்தால் அது கரைக்குக் காவலாகக்கூட இருக்க முடியும்.

பறவைகளும் ஆமைகளும்

உப்புக்கொத்தி இனப் பறவைகள் கூடு கட்டுவதில்லை; உயர் ஓதக் கோட்டுக்குச் சற்று மேலே, மணலில் சிறு குழிவு செய்து, மணல் நிறத்திலேயே முட்டையிடும். நாய் முட்டையைத் தின்ன வேண்டியதில்லை. நாயைக் கண்டு தாய்ப்பறவை எழுந்து போய், வெயிலில் முட்டை சில நிமிடங்கள் திறந்து கிடந்தாலே கரு கெட்டுவிடக்கூடும். அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் வெண்ணிற உப்புக்கொத்தி 1993-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டது. கலிபோர்னியாவின் கோல் ஆயில் பாயிண்ட் கடற்கரையில் ஏறத்தாழ 30 ஆண்டுகளாக அது குஞ்சு பொரிக்கவே இல்லை. 2001-இல் மேட்டு மணலின் ஒரு பகுதியைக் கயிறு கட்டிப் பிரித்து, தன்னார்வலர்களை நிறுத்தி, நாய்களைக் கயிற்றில் பிடிக்கச் சொன்னார்கள். கடற்கரை மூடப்படவில்லை. பறவைகள் மீண்டும் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கின. இரு தரப்பும் விலகாமலே இடத்தைப் பகிரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கடலாமை முட்டைகள் இனத்தையும் வெப்பத்தையும் பொறுத்து ஏறத்தாழ 45 முதல் 70 நாள்கள் மணலுக்குள் இருக்கும். மோப்பம் பிடித்துத் தோண்டும் நாய்க்கு அத்தனை நாளும் வாய்ப்பு. முட்டைப் பருவத்தில் மட்டும் வரும் தடைகளின் காரணம் இதுவே.

நாய்க்கே நேரும் தீங்குகள்

நாய் பெரும்பாலும் மூச்சிரைப்பதன் மூலமே உடல் வெப்பத்தைக் குறைக்கிறது. அதன் இயல்பான வெப்பநிலையே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நிழலில்லாத மணலில் நடுப்பகலில் ஓடவிட்டால் வெப்ப அதிர்ச்சி விரைவில் வரும். முகம் சப்பையான இனங்களுக்கு இன்னும் விரைவில். புறங்கையை மணலில் 7 நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் அது சூடுதான். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வயிற்றுப்போக்கும், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்தான உப்பு நச்சும் ஏற்படும். நடுப்பகல் தடை நாய்க்கு எதிரானது என்று சொல்வோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நாயோடு வருவோருக்கு

1. புறப்படும் முன் ஓத நேரத்தைப் பார்த்து, வற்றமான பொழுதைத் தேர்ந்தெடுங்கள்.
2. வாகனத்திலிருந்து இறங்கும்போதே கயிறு கழுத்துப்பட்டையில் இருக்கட்டும். அவிழ்ப்பது கட்டவிழ் பகுதிக்குள் போன பிறகு. நுழைவழிகள்தாம் குழந்தைகள் குறுக்கே ஓடும் இடங்கள்.
3. நீண்டு சுருங்கும் கயிற்றை நெரிசலில் முழு நீளத்துக்கு விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை ஓடும் குழந்தையின் காலை அறுத்துவிடும். 2 மீட்டருக்கு மேற்படாத சாதாரணக் கயிறே ஏற்றது.
4. குழந்தையைக் கண்டவுடன், எவரும் கேட்பதற்கு முன்பே, நாயை அருகில் அழைத்துக் கயிற்றை மாட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கமாகச் சற்று வளைந்து செல்லுங்கள். அந்தச் சிறு அசைவு பெற்றோரின் தோளிலிருந்து பெரிய சுமையை இறக்குகிறது.
5. எதிரே கயிற்றில் வரும் நாய் நோயுற்றதாகவோ, வயதானதாகவோ, பயந்ததாகவோ இருக்கலாம். உங்கள் நாய் நட்பானது என்பதால் அதனிடம் ஓடவிடாதீர்கள்.
6. மலப் பையைக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோவதோடுதான் வேலை முடிகிறது. வேலியில் கட்டித் தொங்கவிட்ட பை, அள்ளாத மலத்தைவிட நெடுங்காலம் அங்கேயே இருக்கும்.
7. வெறிநாய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் காலம் தவறாமல் இருக்கட்டும். டாக்ஸோகாரா தாயின் வயிற்றிலேயே குட்டிகளுக்குத் தொற்றுவதால், குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தே கால்நடை மருத்துவரின் ஆலோசனை வேண்டும்.

குழந்தைகளோடு வருவோருக்கு

கட்டவிழ் பகுதியில் விரிப்பை விரித்துவிட்டு நாய்கள் வருகின்றன என்று குறைகூறுவது முறையாகாது. அவிழ்த்து விட அவற்றுக்கு வேறு இடம் இல்லை. உணவை மூடிவைப்பதும், மணலில் விரிப்பின்மேல் உட்கார்வதும், உண்ணும் முன் கை கழுவவைப்பதும் பெற்றோரின் வேலை. குழந்தைக்கு மூன்று பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தால் போதும்: உரிமையாளரைக் கேட்காமல் எந்த நாயையும் தொடக் கூடாது, நாய் ஓடிவந்தால் தான் ஓடாமல், கைகளை உடலோடு ஒட்டி, மரம்போல நின்று, அதன் கண்ணைப் பாராமல் தரையைப் பார்க்க வேண்டும், கீழே தள்ளிவிட்டால் பந்துபோலச் சுருண்டு, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். இதை வீட்டில் விளையாட்டாக நாலைந்து முறை செய்துபார்த்த குழந்தைக்குத்தான் கடற்கரையில் நினைவுக்கு வரும்.

உரிமையாளரிடம் பேச நேர்ந்தால், “உங்கள் நாயைக் கொஞ்சம் கயிற்றில் பிடித்துக்கொள்கிறீர்களா? குழந்தை பயப்படுகிறது” என்பது போன்ற ஒரே வேண்டுகோள் போதும். நாயின் குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு வாக்குவாதமாகிவிடும்.

கடித்துவிட்டால், அல்லது நகமோ பல்லோ பட்டு இரத்தம் கசிந்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நன்னீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடல்நீரில் நனைப்பது இதற்கு ஈடாகாது. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் பூசாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிய பின் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறித்துவிடும். மனிதர்களுக்கு அது பரவுவதில் 99 விழுக்காடு வரை நாய்களின் வழியே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உரிமையாளர் தன் தொலைபேசி எண்ணையும் நாயின் தடுப்பூசி விவரத்தையும் தயங்காமல் கொடுப்பது அங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

விதி வகுப்போர் கவனிக்க வேண்டியவை

தடை அறிவிக்கும் நிர்வாகம் மாற்று இடத்தையும் கூடவே அறிவிக்க வேண்டும். அவிழ்த்து விட இடமே இல்லாத ஊரில் எல்லா இடமும் கள்ளத்தனமாகக் கட்டவிழ் பகுதியாகிவிடும். அந்த மாற்று இடம் பறவைகள் முட்டையிடும் மேட்டு மணலாகவோ, இழுவை நீரோட்டம் உள்ள ஆபத்தான முனையாகவோ இருக்கக் கூடாது.

பலகையில் ‘நாய்கள் ஜாக்கிரதை’, ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்று மட்டும் எழுதுவது போதாது. நிற்கும் இடத்தைக் குறித்த வரைபடம், மாதம், மணி, கயிற்றின் நீளம், அடுத்த கட்டவிழ் பகுதி எத்தனை மீட்டர் தொலைவில் உள்ளது என்ற விவரம், இவற்றோடு ஒரே வரியில் காரணமும் வேண்டும். ‘இங்கே மணலில் பறவை முட்டைகள் உள்ளன’ என்று படித்தவர், வெறும் தடையைப் படித்தவரைவிட மனமுவந்து கயிற்றை எடுப்பார். பலகையை மணலின் நடுவில் நட்டுப் பயனில்லை. வாகன நிறுத்தத்திலிருந்து கரைக்கு இறங்கும் ஒவ்வொரு படியிலும், நாய் இன்னும் கயிற்றில் இருக்கும்போதே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மலப் பைக்கான தொட்டிகளும் அப்படித்தான்: கட்டவிழ் பகுதியின் இரு முனைகளிலும், உயர் ஓதக் கோட்டுக்கு மேலே, கையில் பையோடு நடப்பவர் திரும்பும் வழியில்.